மரக்கடைக் குடும்பங்கள், பழைய மரம் வாங்கியவர்கள், விற்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மரக்கடைப் பேரன், காரைக்குடி:

போன வாரம் எங்கள் மரக்கடையின் பழைய தகரக் கொட்டகையைப் பிரித்தோம். குறுக்குச் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஐயாவின் துணி டேப் செருகிக் கிடந்தது. ஐயா என்றால் அப்பாவின் அப்பா. உறை போய்விட்டது, துணி பழுப்பேறியிருந்தது, எண்கள் மட்டும் தெரிந்தன. முதல் எண் 4. அதற்கு முந்தைய நாலு அங்குலம் கிழிந்து போயிருந்தது.

மரக்கணக்கு தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உருட்டு மரத்தின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அப்புறம் நீளத்தின் அடிக்கணக்கால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் சரியாக 10 கன அடி. (வட்டக் கணக்குப்படி அதே மரத்தில் 12.7 கன அடி இருக்கும். மேல் சீவலும் தூளுமாகக் கழிவதை வாங்குகிறவர் தலையில் கட்டாத கணக்கு இது.) இப்போது தலை போன டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 44 அங்குல மரம் 48 காட்டும். 8.4 கன அடி மரம் 10 கன அடி விலைக்குப் போகும்.

"தூக்கிப்போட மனசில்லாம செருகி வச்சாரா, இல்ல இதுலதான் யாவாரமே பண்ணினாரா?" என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா டேப்பை வாங்கிச் சுருட்டி மேசை டிராயரில் போட்டார். பதில் வரவில்லை.

சரி, கடைக் கதைக்கு வருகிறேன். காரைக்குடியில் மூன்று தலைமுறை மரக்கடை என்றதும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கெல்லாம் நாங்கள்தான் மரம் கொடுத்தோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சட்டம்கூடக் கொடுத்ததில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போய் (வட்டித் தொழில் செய்யப் போய்)ச் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை. கானாடுகாத்தான் அரண்மனையே 1912இல் கட்டியது. தேக்கு கப்பலேறி வந்த காலம் அது. ஐயா பதிமூன்று வயதில் ரங்கூன் போனது ஒரு செட்டியார் கிட்டங்கியில் (தொழிலும் தங்கலுமான இடத்தில்) சமையல்காரருக்கு எடுபிடியாக.

மரம் படித்தது அங்கேதான். ஆற்றங்கரை அறுவை மில்களில் போய் உட்கார்ந்துகொள்வாராம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டில் நிற்கும் மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே காயவிட்டு, பிறகுதான் சாய்ப்பார்கள். யானை இழுத்து ஆற்றில் தள்ளும், மரம் மிதந்து ரங்கூன் வரும். பர்மாத் தேக்கு கோணாது, வெடிக்காது என்று நம் ஆசாரிகள் சொல்வதற்கு இந்தக் காய்ச்சலும் ஒரு காரணம் என்பார் ஐயா. இன்றைக்கு வெட்டி அடுத்த மாதமே நிலை வைக்கிற மரத்திடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. நடந்தே இந்தியா வந்த கூட்டத்தில் ஐயாவும் ஒருவர். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நெறைய நடந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கடை போட்டார். அப்போது இங்கே பெரிய வீடு கட்டுகிற கை எதுவும் மிச்சமில்லை. பர்மாவில் செட்டியார்களின் நிலமெல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆக, தேக்கு படித்துவிட்டு வந்த மனிதர் விற்றது வண்டிக்கும் ஏருக்கும் கருவேலம், நிலை கதவுக்கு வேம்பும் பூவரசும், சாரத்துக்குச் சவுக்கு. பந்தல்கால் வாடகைதான் நம் வீட்டுச் சோறு என்று அப்பத்தா சொல்லிக்காட்டும். இப்போது கடைப் பெயர்ப்பலகையில் 'பாரம்பரியத் தேக்கு' என்று போடச் சொல்கிறான் என் தம்பி. பாரம்பரியம் சவுக்குக் கம்புதான்டா என்றேன்.

கை வாள் அறுவையை நானே பார்த்திருக்கிறேன். மரத்தைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தி, கரியில் தோய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கோடு போடுவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே நிற்பவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணை முக்கால்வாசி மூடியிருப்பார், தூள் முழுக்க அவர்மேல்தான் விழும். அந்தத் தூளுக்குச் சாயங்காலம் தெருப் பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டு அடியில் தீ வைத்தால் நின்று நிதானமாக எரியும்.

அப்பா காலத்தில் பேண்ட்சா, அதாவது பட்டை வாள் ஓடும் அறுவை மிஷின், வந்தது. கூடவே, பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட ஆரம்பித்தன. பழைய மரம் வாங்கத் தொடங்கியது அப்பாதான். முதல் மாதமே பாடம் கிடைத்தது: ஒரு உத்தரத்துக்குள் தலை முறிந்த ஆணி, பிளேடு அறுந்து சவுக்கடி மாதிரி சுருண்டது. அன்றிலிருந்து பழைய மரம் எது வந்தாலும் முதலில் காந்தத்தை வைத்துத் தடவிவிட்டுத்தான் மேடையில் ஏற்றுகிறோம். பெயின்ட்டும் புகையும் ஏறிக் கறுத்துக் கிடக்கும் அந்த மரத்தில் இழைப்புளியை நாலு தள்ளு தள்ளினால் போதும், உள்ளே தேன் நிறம். எண்ணெய் வாசம் அப்படியே எழும். நூறு வருஷம் கழித்தும் எப்படித்தான் மிச்சமிருக்கிறதோ.

2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டுத் தேக்கை வெளியே அனுப்புவதில்லை. தூத்துக்குடியில் இன்று வந்து இறங்குவது ஆப்பிரிக்கத் தேக்கும் தென்னமெரிக்கத் தேக்கும். பழைய பர்மாத் தேக்கு வேண்டும் என்றால் யாராவது வீட்டை இடிக்க வேண்டும். எங்கள் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது. நீங்கள் சொல்லுங்கள், எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்?

தேவகோட்டைப் பெண்:

விற்ற பக்கம் நின்றவள் நான். எங்கள் ஐயா கட்டிய வீட்டுக்கு என் அப்பச்சி (அப்பா) தலைமுறையில் பதினாலு பங்கு. வளவுக்கு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்கு) ஓடு மாற்ற வேண்டும் என்றால் சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் சரி சொல்ல வேண்டும். ஒருவர் சொல்ல மாட்டார். நாலு மழைக்கு ஒழுகியது, ஐந்தாவது மழைக்கு ஓடு தாங்கும் கைமரம் இறங்கியது. அப்புறம் இடிப்பதற்கு மட்டும் பதினாலு பேரும் ஒரே வாரத்தில் சம்மதித்தார்கள்.

வியாபாரி வந்து தூண், நிலை, கதவு எல்லாம் எண்ணிவிட்டு மொத்தமாக ஒரு தொகை பேசினார். பெயர் வேண்டாம். நாங்களும் தலையாட்டினோம். மேலே மச்சுப் பலகை அத்தனையும் தேக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதன்மேல் வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. லாரியில் ஏற்றும்போது கூலிக்கு வந்த பையன்தான், "ஆச்சி, இது தூணைவிடக் காசு" என்றான். அப்போது என்ன செய்வது?

நிலையின் மேல்கட்டை, கஜலட்சுமி செதுக்கியது, அதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுக்குமாடி வீட்டில் எந்தச் சுவரிலும் அடங்கவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கேயே போய் ஒரு பொட்டு வைக்கிறேன்.

கோவையில் வீடு கட்டுபவர்:

நான் வாங்கி ஏமாந்த பக்கம். காரைக்குடிக்கு வந்து முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். அந்தத் தெருவில் தூணும் கதவும் பீங்கானும் பார்க்கவே ஒரு நாள் பத்தாது. வாங்கியது அங்கே இல்லை, திரும்பும் வழியில் வேறொரு ஊரில், விலை குறைவு என்று. பழைய நிலை, கறுப்பு மெருகு, நல்ல கனம். வீட்டுக்கு வந்து ஆசாரி ஓரத்தை இழைத்தார், பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வலுவில்லாத மரம். சேகு (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) இருந்த பக்கத்தை முன்னால் காட்டி, வெள்ளைக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பழைய துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள். கனம் எப்படி வந்தது என்றால், மரம் ஈரம்! நான் என்னவோ வைரம் பாய்ந்த மரம் என்று தோளில் தாங்கிக்கொண்டு வந்தேன்.

ஓர் ஆசாரி மகன், புதுவயல்:

அண்ணே, வாங்கப் போகிறபோது வெட்டுமுகத்தை, குறுக்கே அறுத்த முனையை, பாருங்கள். மேல்முகம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லும். தண்ணீர் தொட்டு வெட்டுமுகத்தில் தேய்த்தால் வெள்ளைக்கும் சேகுக்கும் எல்லை தெரிந்துவிடும். எங்கப்பா நகத்தால் கீறி மோந்து பார்ப்பார், அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மரக்கடைப் பேரன், காரைக்குடி:

ஆச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மொத்தமாகப் பேசுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது, நாங்களும் செய்திருக்கிறோம். விற்பவருக்குத் தெரியாத இடத்தில்தான் லாபம் இருக்கிறது. இனி இடிக்கப் போகிறவர்கள், தொகை பேசும் முன்னால் ஒரு வெளியூர் ஆசாரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, மச்சு முதல் மாட்டுக்கொட்டகை வரை கன அடி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆசாரி வேண்டாம், அவருக்கு நாளைக்கும் வியாபாரியின் தயவு வேண்டும். எங்கப்பா இதைப் படித்தால் திட்டுவார்.

டேப்பைப் பற்றித் தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நேற்று அதை ஸ்டீல் டேப்போடு சேர்த்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். இழுத்து இழுத்துத் துணி நீண்டிருக்கிறது, பத்து அடிக்கு முக்கால் அங்குலம். அதாவது நீளம் அளக்கும்போது மரம் கொஞ்சம் குறைத்தே காட்டியிருக்கும், அது வாடிக்கையாளருக்கு லாபம். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பாத்தியா, அதுக்கு இது சரியாப் போச்சு" என்றார்.

நாலு அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் எப்படிச் சரியாகும் என்று நான் கேட்கவில்லை.