கோர்க் க்ரோம் ஆர்ப்பை கியூபேஸில் பதிவு செய்தால் சுரங்கள் இரட்டிக்கின்றன

மிடிமணி:
க்ரோம் 61 (கீபோர்டு சிந்தசைசர்), யூஎஸ்பி வழியாக கியூபேஸ் (கணினியில் பதிவு செய்யும் மென்பொருள்). புரோகிராம் மோடு, ஆர்ப் (பிடித்த கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் வசதி) ஆன், பேட்டர்ன் அப், ஆக்டேவ் 1, ரெசல்யூஷன் (ஒரு படியின் நீளம்) 1/16, வேகம் 96 பிபிஎம். வாசிக்கும்போது சுத்தமாக இருக்கிறது. பதிவு செய்ததை ஓட்டிக் கேட்டால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புகின்றன. இன்னொரு கேள்வி: ஏ மைனர் கார்டை (ஏ-சி-ஈ) விடாமல் பிடித்திருந்தால் ஒவ்வொரு பார் (நான்கு பீட் சுற்று) தொடக்கத்திலும் வேறு சுரம் விழுகிறது. எப்போதும் ஏ-வில் விழ என்ன செய்யவேண்டும்?

சுருதிப்பெட்டி:
முதல் கேள்விக்குக் காரணம் எளிது. லோக்கல் கண்ட்ரோல் (கட்டைகள் கீபோர்டின் சொந்த ஒலியை நேரடியாக இயக்கும் இணைப்பு) ஆனில் இருந்தால், க்ரோம் நீங்கள் அழுத்தும் கட்டைகளை அல்ல, ஆர்ப் உண்டாக்கும் சுரங்களைத்தான் மிடியில் (சுரத் தகவலை அனுப்பும் முறை) வெளியே அனுப்பும். கியூபேஸில் பதிவாவது அதுதான். ஓட்டும்போது அந்தச் சுரங்கள் திரும்பி வந்து, இன்னும் ஆனில் இருக்கும் ஆர்ப்பை மறுபடி முடுக்குகின்றன. ஆர்ப்புக்கு மேல் ஆர்ப். பதிவு முடிந்ததும் க்ரோமில் ஆர்ப் பொத்தானை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

வாசிக்கும்போதே இரட்டிக்கவில்லை என்பதால் உங்கள் கியூபேஸில் மிடி த்ரூ (வந்த மிடியை அப்படியே திருப்பி அனுப்புவது) அணைந்திருக்க வேண்டும், அல்லது அந்த டிராக்கின் அவுட்புட் க்ரோமுக்குப் போகவில்லை. இந்த முறையில் அதை அப்படியே விடுங்கள்.

ஒவ்வொரு சுரத்தையும் தனியாகத் திருத்தவோ, வேறு விஎஸ்டிக்கு (கணினியில் ஓடும் மென்பொருள் கருவி) அனுப்பவோ வேண்டுமென்றால் இது போதும். ஆனால் பின்னால் பேட்டர்னை மாற்ற நினைத்தால் மறுபடி வாசிக்க வேண்டியதுதான். அதற்குப் பதில் கார்டை மட்டும் பதிவு செய்யலாம்: குளோபல் மோடில் மிடி பக்கத்தில் லோக்கல் கண்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள், கியூபேஸில் மிடி த்ரூவை ஆன் செய்யுங்கள், டிராக்கின் அவுட்புட் க்ரோம், சேனல் க்ரோமின் குளோபல் சேனல். இப்போது கட்டை அழுத்தல் மட்டும் கியூபேஸுக்குப் போய்த் திரும்பி வந்து ஆர்ப்பை ஓட்டும். ஆர்ப் உண்டாக்கும் சுரங்கள் வெளியே போகாது. பதிவில் கார்டுகள் மட்டும்தான் இருக்கும், பேட்டர்னை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒன்றை மறக்காதீர்கள்: லோக்கல் ஆஃபில் இருக்கும்போது கியூபேஸை மூடினால் கீபோர்டில் சத்தமே வராது. பழுது என்று பயந்துவிடவேண்டாம்.

பாஸ்லைன்77:
இரண்டாவது கேள்வி வெறும் கணக்கு. மூன்று சுரம், ஒரு பாரில் 16 படி. 16-ஐ 3 ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் இரண்டாவது பார் சி-யில், மூன்றாவது ஈ-யில் தொடங்கி, நான்காவதில்தான் ஏ திரும்ப வரும். சதுஸ்ர நடையில் திஸ்ரக் கோர்வை ஓடுவதுதான் இது, சிலர் வேண்டுமென்றே இப்படி விடுவார்கள்.

வேண்டாமென்றால் எண்ணிக்கையை மாற்றுங்கள். ஜி-யைச் சேர்த்து ஏ மைனர் ஏழு ஆக்கினால் நான்கு சுரம், ஒரு பீட்டில் அடங்கிவிடும். ஆக்டேவை 4 ஆக்கினால் சரியாக ஒரு பார். மூன்று சுரமே போதும் என்றால் ஆல்ட்1 பேட்டர்ன்: ஏ-சி-ஈ-சி என்று ஏறி இறங்கும், மேல் கீழ் ஓரங்கள் இருமுறை ஒலிக்காததால் நான்கே படி. ஆனால் ஆல்ட்1-இல் ஆக்டேவை 2 ஆக்கினால் பத்துப் படியாகி, பழைய சிக்கல் திரும்பும்.

ஒவ்வொரு பாருக்கும் கார்டு மாறுகிறது என்றால் கீ சிங்க் ஆன் போதும். ஒரு நிபந்தனை: எல்லா விரலையும் எடுத்துவிட்டு அழுத்தினால்தான் பேட்டர்ன் முதலிலிருந்து தொடங்கும். லெகாட்டோவாக (இடைவெளி விடாமல்) மாற்றினால் தொடங்காது. கார்டுகளைப் பதிவு செய்திருந்தால் ஒவ்வொன்றின் வாலிலும் 10 மில்லிசெகண்ட் வெட்டிவிடுங்கள். சார்ட்டையும் (சுரங்களைச் சுருதி வரிசைப்படுத்தும் வசதி) ஆனில் வையுங்கள், இல்லாவிட்டால் விரல் விழுந்த வரிசையில்தான் சுரம் போகும்.

மிடிமணி:
ஆர்ப்பை அணைத்ததும் இரட்டிப்பு போய்விட்டது, நன்றி. கார்டு முறையும் செய்து பார்த்தேன். வேகம் ஒத்துப்போகட்டும் என்று க்ரோமில் மிடி கிளாக்கை (வேகத்தைச் சொல்லும் துடிப்பு) எக்ஸ்டர்னல் யூஎஸ்பி ஆக்கினேன். கியூபேஸ் ஓடும்போது சரி. நிறுத்திவிட்டால் ஆர்ப் நகரவே இல்லை, டெம்போ குமிழும் கேட்கவில்லை.

சுருதிப்பெட்டி:
கிளாக் வராவிட்டால் ஆர்ப் நகராது, அது இயல்பு. கியூபேஸில் புராஜெக்ட் சிங்க்ரொனைசேஷன் செட்டப்பில், மிடி கிளாக் போகும் இடமாக க்ரோமைத் தேர்ந்து, நிறுத்தியிருக்கும்போதும் கிளாக் அனுப்பும் தெரிவை டிக் செய்யுங்கள். அல்லது க்ரோமில் மிடி கிளாக்கை ஆட்டோ ஆக்குங்கள்: கிளாக் வந்தால் அதைப் பின்பற்றும், வராவிட்டால் சொந்த டெம்போ.

எக்ஸ்டர்னல் கிளாக்கோடு கீ சிங்க் ஆஃப் என்றால் ஆர்ப் கிரிட்டில் (தாளக் கட்டத்தில்) ஒட்டி ஓடும். ஆன் என்றால் அழுத்திய கணத்தில் தொடங்கும், கை பிசகினால் அதுவும் பிசகும். ஆஃபில் வைத்தால், பார் கோட்டிலேயே நிற்கும் கார்டு ஒரு நூலிழை தாமதமாக வந்து முதல் படியைத் தவறவிடலாம். கார்டுகளை 10 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுங்கள்.

ரிவர்ப்ரவா:
என்ன சவுண்ட் போட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 96 பிபிஎம்மில் 1/16 என்பது 156 மில்லிசெகண்ட். கேட் (படியில் சுரம் ஒலிக்கும் சதவீதம்) 50 என்றால் சுரம் அதில் பாதிதான், சுமார் 78. அட்டாக் (ஒலி முழுதாக எழும் நேரம்) 200 மில்லிசெகண்ட் உள்ள பேட் (மெல்ல எழும் நீண்ட ஒலி) எழும்பும் முன்னே அணைந்துவிடும், ஆர்ப்பே வேலை செய்யவில்லை என்று தோன்றும். ப்ளக், மணி, எலக்ட்ரிக் பியானோ வகைகளுக்குத்தான் ஆர்ப் பொருந்தும். பேட்தான் வேண்டுமென்றால் அட்டாக்கை நன்றாக இறக்கி, கேட்டை 90க்கு மேல் ஏற்றுங்கள், போதாவிட்டால் ரெசல்யூஷனையும் 1/8 ஆக்குங்கள்.