அரை கிளாஸ் பீரும் டி.எம்.எஃப் வாடையும்

ரெக்சின் லைன்
ரெக்சின் கோட்டிங் லைன்ல ஏழு வருஷம். கோட்டிங்க கரைக்கிற டி.எம்.எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, அந்த மீன் வாடை சட்டையோட வீடு வரைக்கும் வரும். தை மாசம் மச்சான் கல்யாணம். குடிச்சது அரை கிளாஸ் பீர். கால் மணி நேரத்துல முகம், கழுத்து, நெஞ்செல்லாம் செங்கல் நிறம், படபடப்பு வேற. நிமிர்ந்தா எதிர்ல எங்க லைன் பசங்க ரெண்டு பேருக்கும் அதே சிவப்பு. பந்தியில வேற ஒருத்தருக்கும் இல்ல. மூணு பேரும் பேசாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். அது மனச விட்டுப் போகல.

ரத்த டெஸ்ட்ல எஸ்.ஜி.பி.டி 168, எஸ்.ஜி.ஓ.டி 80, ரெண்டும் ஈரல் கெட்டா ஏறுற என்சைம். "குடிய விடுங்க"ன்னார் டாக்டர். என்ன வேலைன்னு கேட்கவே இல்ல. வீட்ல இப்ப நான் குடிகாரன்.

திருப்பூர்ப் பொண்ணு
அண்ணா, எங்கப்பா பனியன் கம்பெனியில கறை எடுக்கறவருங்க. ஸ்ப்ரே கன்ல அடிக்கிற அந்தத் தண்ணிக்குப் பேரே தெரியாது, கேன்ல லேபிள் இருக்காது. ஒருநாள் விளக்கு வெளிச்சத்துல பார்த்தா அப்பா கண்ணு மஞ்சள். கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தோம், மூணு வாரத்துல தெளிஞ்சுது. வேலைக்குப் போன ரெண்டாம் மாசமே திரும்ப மஞ்சள். நீங்களும் கீழாநெல்லி சாப்பிட்டுப் பாருங்கண்ணா.

சிவகாசி ஆஃப்செட்
தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. மூணு வாரம் அப்பா வீட்ல இருந்தாரே, தெளிஞ்சது அதனாலதான். திரும்பப் போனதும் வந்துச்சுன்னு நீயே எழுதியிருக்க.

நான் பனியன் வேஸ்ட்ட மை துடைக்கிற கெமிக்கல்ல நனைச்சு, வெறுங்கையால அச்சு மெஷின் ப்ளாங்கெட்ட (ரப்பர் ஷீட்) துடைச்சவன். ஒசாகாவுல இதே மாதிரி ஒரு அச்சகத்துல, இளவயசு ஆளுங்களுக்கே பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-ல வெளிய தெரிஞ்சுது. காரணம் மை துடைக்கிற டைக்ளோரோபுரொப்பேன். படிச்ச அன்னைக்கு ராத்திரி தூங்கல.

ரெக்சின் தம்பி, குடியால கெட்ட ஈரல்ல பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி-தான் மேல நிக்கும். உனக்கு எஸ்.ஜி.பி.டி ரெண்டு மடங்கு. கல்யாணத்துல உங்க மூணு பேருக்கு மட்டும் சிவந்ததும் டி.எம்.எஃப் வேலையாத்தான் இருக்கும். டாக்டர்கிட்ட நீயா வாயத் திறந்து "டி.எம்.எஃப்-ல வேலை"ன்னு சொல்லு. ஷிஃப்ட் முடிஞ்சதும் எடுக்கற சிறுநீர்ல எவ்வளவு உடம்புக்குள்ள போயிருக்குன்னு பார்க்கலாம். அது மூக்கு வழியா மட்டும் போறதில்ல, தோல் வழியாவும் இறங்கும். மாஸ்க் மட்டும் போட்டா பத்தாது. சாதா ரப்பர் கிளவுஸ ஊடுருவிடும், பியூட்டைல் ரப்பர்தான் தாங்கும். டேங்க் கழுவற நாள்ல கட்டாயம் போடு. நனைஞ்ச சட்டைய உடனே மாத்து. இந்த வேலையில இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு மதுவும் வேண்டாம், ரெண்டும் சேர்ந்தா ஈரலுக்கு இரட்டை அடி. வேலையில புழங்கற விஷத்தால வர்ற காமாலையை 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே அட்டவணையில போட்டிருந்தாங்க, அதுக்குப் பதிலா வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. பார்க்கற டாக்டர் தலைமை இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு எழுதியாகணும். தங்கச்சி, இது அப்பாவுக்கும்தான். அந்த கேன்ல என்ன இருக்குன்னு முதல்ல கேட்டு வாங்கு.

ரெக்சின் லைன்
நன்றிண்ணே. அந்தப் பசங்கள்ல சின்னவன் நேத்து ரிப்போர்ட் அனுப்பினான். அவன் வாழ்க்கையிலயே குடிச்சது கல்யாணத்தன்னைக்கு அந்த ஒரு வாய்தான். எஸ்.ஜி.பி.டி 140.