தண்ணீர்ச் செடி வளர்க்கிற ரெண்டடி கண்ணாடித் தொட்டியில் கறுப்புத் தாடிப் பாசி: நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது உதவுங்க

வணக்கம் நண்பர்களே. தொட்டி 60×30×36 செ.மீ., தண்ணீர் சுமார் 60 லிட்டர். அடியில் அக்வா சாயில் (தண்ணீர்ச் செடிக்கான மண்) முன்னால் 3, பின்னால் 7 செ.மீ. ரொட்டாலா செடி செழிப்பா இருக்கு. கட்டையில் கட்டின அனுபியாஸ் செடியோட இலை ஓரத்தில் மட்டும் கறுப்புப் பாசி, குஞ்சம் குஞ்சமா. நகத்தால் சுரண்டினாலும் வரல.

லைட் 7 மணி நேரம். செடிக்கு கார்பன் டை ஆக்சைடு விடுறேன்; அதோட அளவை நிறத்தில் காட்டுற டிராப் செக்கர், லைட் போடும்போது பச்சை (போதுமான அளவு), மதியம் நீலம் (குறைவு). கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கினா இந்தப் பாசி வரும். வாயு வர்ற அளவைக் கட்டுப்படுத்துற ஊசி வால்வு நிலையா நிக்காததுதான் காரணம்னு நினைக்கிறேன்.

பாசி பிடிச்ச இலைகளை வெட்டிட்டு, ஃபில்டரை நிறுத்தி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு மொத்தம் 20 மி.லி. சிரிஞ்சில் கட்டை மேலேயே விடலாம்னு இருக்கேன். செர்ரி இறால் குஞ்சுகள் தாங்குமா? நல்ல ஊசி வால்வு நம்ம மாவட்டத்தில் எங்க கிடைக்கும்?