அலுமினியக் காசு சேகரிப்பு: புதுப்பிப்பு

முந்தைய பதிவில் இரண்டு விஷயம் கேட்டிருந்தேன்: போர்க்காலக் காசுகளில் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் எப்படிப் பிரித்தறிவது, காசில் வெள்ளைப் பொடி படிந்தால் என்ன செய்வது.

முதலாவது தீர்ந்துவிட்டது. ஒரு தராசு போதும். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், துத்தநாகத்துக்கு 7.1. ஒரே அளவுள்ள காசென்றால் துத்தநாகம் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். பார்வையால் தடுமாறிய எல்லாம் இப்போது தனித்தனி உறையில்.

வெள்ளைப் பொடி என்பது அரிப்பு. போன பளபளப்பு திரும்பாது, அதனால் தேய்க்கவே வேண்டாம். சலவைச் சோடா கண்டிப்பாகக் கூடாது, காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஈரம் படாமல், செம்புக் காசுகளோடு ஒட்டாமல் வைத்தால் மேற்கொண்டு பரவுவது குறையும். இந்தத் தொல்லை புதிதும் அல்ல. 1907-இல் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நடுவில் துளையிட்டு அடித்த பென்னியில் பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள அலுமினியக் காசு அங்குள்ள ஈரக்காற்றுக்குத் தாங்கவில்லை. சீக்கிரமே செம்பு-நிக்கலுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் அதில் நல்ல நிலையில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அப்புறம், புதிதாகச் சேர்ந்ததில் எனக்கு மிகப் பிடித்தது பிரான்சின் 1 ஃபிராங்க் ஜோடி. 1943-இல் வந்த விஷி அரசின் (இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசு) காசில் 'உழைப்பு, குடும்பம், தாயகம்' என்ற முழக்கம். போருக்குப் பிந்தையதில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' திரும்பியிருக்கிறது. உலோகம் அதே அலுமினியம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஒரு நாட்டின் வரலாறே தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜப்பானின் 1 யென்னை முதலில் வாங்கலாம். 1955 முதல் அதே வடிவம், எடை சரியாக 1 கிராம். தராசைச் சரிபார்க்கவும் உதவும்.