வேடியப்பன் கோயில் நடுகற்கள்: மாணவர்களையும் ஊரையும் சேர்த்துப் படியெடுப்பது எப்படி?

குறிஞ்சி:
வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர். வாரம் 16 மணி நேரம் வகுப்பிலேயே போய்விடுகிறது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர்களை வைத்துத் தருமபுரிப் பக்கத்து நடுகற்களை (இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள்) ஆவணப்படுத்த விருப்பம். பல கற்கள் வேடியப்பன் என்ற ஊர்ச் சாமியாக வழிபாட்டில் இருக்கின்றன. அனுமதி யாரிடம் வாங்குவது? மைப்படிக்கு (கல்லெழுத்தைத் தாளில் மையொற்றிப் படியெடுப்பது) என்னென்ன வேண்டும்?

மைஒற்றி:
மேடம், கல்லைத் தொடுமுன் அது ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள். செங்கம், தருமபுரி வட்டாரக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களிலேயே நூலாக்கியிருக்கிறது. மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் உள்ளன. இவற்றைப் புரட்டாமல் "புதிய கண்டுபிடிப்பு" என்று நாளிதழுக்குச் சொல்லிவிட்டால் மாணவர்களின் உழைப்புக்கே மதிப்பில்லாமல் போகும்.

தேவை: மேப்லித்தோ தாள், தேங்காய் நார்த் தூரிகை, அடிக்க அடர்ந்த மயிருள்ள பிரஷ், வாளி, பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய மை ஒற்றி, விளக்குக் கரியும் கோந்தும் கலந்த மை, ஒரு தட்டு. கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம், எழுத்தின் ஓரம் பெயர்ந்துவிடும்.

கல்லையும் தாளையும் நனைத்து, மேலிருந்து கீழாக ஒட்டி, காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிரஷ்ஷால் நேராக அடிக்க வேண்டும்; தேய்த்தால் ஈரத்தாள் கிழியும். கிழிந்த இடத்தில் துண்டுத் தாள் ஒட்டி மறுபடி அடிக்கலாம்.

மை போடும் பதம்தான் முக்கியம். தாளின் பளபளப்பு மங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும்போது தொடங்குங்கள். ஈரம் மிகுந்தால் மை ஊறி எழுத்துக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பி, அடுத்த ஒற்றலில் எழுத்து இரட்டையாக விழும். ஒற்றியை முதலில் பழைய தாளில் தட்டி மிகையான மையைக் குறைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை போடுங்கள். காலை வேளைதான் நல்லது. பங்குனி வெயிலில் மேல்பாதி காய்ந்து கீழ்ப்பாதி சொதசொதவென்று நிற்கும்.

உரித்ததும் பின்புறம் பென்சிலால் ஊர், கல் நிற்கும் இடம், பார்க்கும் திசை, தேதி, தாள் எண். ஒரே தாளில் அடங்காவிட்டால் அடுத்த தாளில் ஒரு வரியாவது திரும்ப வரட்டும். கல்லுக்கு ஐந்து பேர் போதும்.

ஊர்வலம்:
வழிபாட்டுக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தாள் ஒட்டாது. சுரண்டுவது, அமிலம் ஊற்றுவது எதுவும் கூடாது. பூசாரியிடம் கேட்டு, அவர்களே கழுவும் நாளில் போங்கள். தாளின் ஓரத்தில் இரண்டு விரற்கடை மை படாமல் விடுங்கள். சாமி மேல் கறை பட்டால் பக்கத்து ஊரிலும் கல்லருகே விடமாட்டார்கள்.

மத்தியப் பாதுகாப்பிலுள்ள கல்லுக்கு 1958 தொல்சின்னங்கள் சட்டப்படியும் மாநிலப் பாதுகாப்பிலுள்ளதற்கு 1966 சட்டப்படியும் அந்தந்தத் தொல்லியல் துறையிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள். அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலர். மற்ற இடங்களில் ஊராட்சித் தலைவர், பூசாரி, நிலத்துக்காரர் மூவருக்கும் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம். யாரும் தோண்டக் கூடாது. மண்ணில் புதைந்த காசோ நகையோ கிடைத்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

நேரத்துக்கு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கிறது: தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். முதல் 2 நாள் கணக்கெடுப்பும் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவதும், அடுத்த 3 நாள் படியெடுப்பு, மீதி வாசிப்பு.

குறிஞ்சி:
மிக்க நன்றி. வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வடிவம்) மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கலாமா?

மைஒற்றி:
வேண்டாம் மேடம். சாக்பீஸ் பிடிக்கும்போது நம் ஊகத்தையும் சேர்த்தே வரைந்துவிடுவோம். எழுத்து எது, கீறல் எது என்று பிறகு பிரிக்க முடியாது. இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, நாலு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கட்டும், படத்துக்குள் அளவுகோல் தெரியட்டும்.

ஊர்வலம்:
வாசித்ததை ஊருக்குக் கட்டாயம் திருப்பிக் கொடுங்கள்: ஒரு பக்கம் கல்வெட்டுப் பாடம் (கல்லில் உள்ள வரிகள் அப்படியே), மறுபக்கம் எளிய உரைநடை. ஊராட்சி அலுவலகம், பள்ளி, கிளை நூலகத்துக்கு ஒவ்வொரு படி. விளங்காத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். "வீரன் எங்கள் சாதி" என்று எழுதச் சொல்லி நெருக்குவார்கள். கல்லில் இல்லாததைப் பாடத்தில் சேர்க்காதீர்கள். அவர்கள் சொல்வதை ஊர் வழக்கு என்று தனித் தலைப்பில் பதியுங்கள். ஜி.பி.எஸ். எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், சிலைத் திருடர்களுக்கு வழி சொன்னதாகிவிடும். புதிய கல் என்று உறுதியானால் தஞ்சைத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழுக்கு மாணவர்கள் பெயரையும் போட்டு அனுப்புங்கள்.