திடீர் விரல் கன்றல்: ‘ரத்தக்கட்டு’ வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

அடிபடாமலே விரல் திடீரென்று எரிந்து, வீங்கி, கருநீலமாகும் ‘ஆக்கன்பாக் நோய்க்குறி’க்கு (Achenbach syndrome) தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று முன்வைத்த ‘விரல் ரத்தக்கட்டு’ எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல் செய்யும் வேலையை எங்கள் காரைக்குடி வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அப்பத்தா கொட்டான் (ஓலைக்கூடை) பின்னிக்கொண்டிருந்தபோது ஆள்காட்டி விரல் சுரீரென்று எரிந்திருக்கிறது. சற்று நேரத்தில் உள்ளங்கைப் பக்கம் வீங்கி, நாவல்பழச் சாறு பட்டதுபோல் கருநீலம். அடி எதுவும் படவில்லை. யாரோ ‘ரத்தக்கட்டு’ என்றதும் ஒருவர் பற்றுப்போட மஞ்சள் அரைத்தார், இன்னொருவர் நீவிவிட உட்கார்ந்தார், தம்பியோ ரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிட்டதென்று நடுங்கிவிட்டான்.

மருத்துவர் விரலைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது, நாடி இருந்தது, நுனியும் நகமும் நிறம் மாறவில்லை. தோலுக்கடியில் சிறு நாளத்திலிருந்து கசிந்த ரத்தம், தானே ஆறும் என்றார். சில நாளில் பச்சை, மஞ்சள் என்று மங்கி மறைந்தது. 1950களின் பிற்பகுதியில் வால்ட்டர் ஆக்கன்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நிலை இது. நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம்.

‘ரத்தக்கட்டு’ மக்கள் வாயில் உறைவையும் குறிக்கிறது, அதனால் தள்ளலாம். ‘குருதிக்கட்டி’யில் வரும் ‘கட்டி’ புற்றுநோய்ப் பயத்தைக் கிளப்பும். ‘நீலவிரல்’ அழகுதான், ஆனால் ரத்தக்குழாய் அடைத்துக் கால்விரல் நீலமாவது வேறு நோய், ஆபத்தானது. இரண்டும் குழம்பக் கூடாது.

என் பரிந்துரை ‘திடீர் விரல் கன்றல்’. கன்றுவதற்கு அடிபட வேண்டுமே என்று கேட்கலாம். வெயிலில் அலைந்த பிள்ளையைப் பார்த்து ‘முகம் கன்றிப்போச்சே’ என்கிறோம், அங்கே அடி எங்கே இருக்கிறது? கன்றியது ஆறிவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மறுபடி மறுபடி வரக்கூடியது என்பது மட்டும் இச்சொல்லில் இல்லை. அதை விளக்கத்தில் சேர்க்கலாம்.

அந்த விளக்கத்தில் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும்: விரல் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, நுனி கறுத்தாலோ, உடம்பில் வேறு இடங்களிலும் கன்றினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே.