மண் மாற்றினேன், மரம் மொட்டையானது

மூன்று வருடமாக என் மேசையில் நன்றாகவே இருந்த ஃபைகஸ் பொன்சாய், அதாவது தட்டில் குட்டையாக வளர்க்கும் மரம். அடியில் வேர் கிழங்குபோல் பருத்து, மேலே சின்ன இலைகள் அடர்ந்து, ஜின்செங் ஃபைகஸ் என்று பெயர் ஒட்டி விற்பார்களே, அந்த வகை. பெயரில்தான் ஜின்செங், மரம் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதன் பங்காளிகள். தொட்டியின் துளை வழியாக வேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்று மெதுவாக இறங்கியது. சரி, தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அந்த முடிவு சரி. அப்புறம் செய்த எல்லாமே தப்பு.

பழைய மண்ணை ஒரு பொட்டு விடாமல் குழாய்த் தண்ணீரில் அலசினேன். மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று படித்திருந்தும், புதுத் தட்டுக்குள் அடங்கவில்லையே என்ற அவசரத்தில் பாதிக்கு மேல் வெட்டினேன். தோட்டத்து மண்ணையும் மக்கிய உரத்தையும் கலந்து கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினேன். பாவம், களைத்திருக்கும் என்று திரவ உரம் வேறு. வெளிச்சம் கூசும் என்று அறையின் உள்மூலையில் வைத்துவிட்டு, தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீர்.

ஐந்தாம் நாள் சில இலைகள் மஞ்சளாகின. ஒன்பதாம் நாள் இரவு ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது காகிதத்தின் மேல் டப்பென்று ஒன்று விழுந்தது. வாடாத, கறை இல்லாத, முழுப் பச்சை இலை. அதைக் கையில் எடுத்தபோதுதான் பயம் வந்தது. மஞ்சள் இலை உதிர்ந்தால் மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். பச்சையாகவே உதிர்ந்தால் என்ன சொல்வது? இரண்டு வாரத்தில் மரம் மொட்டை.

இலை கொட்டக் கொட்ட நான் தண்ணீரைக் கூட்டினேன். வேரை வெட்டியது காயம்தான், ஆனால் அதிலிருந்து மரம் மீண்டிருக்கும். சாகப் பார்த்தது இந்தத் தண்ணீரால். மண்ணில் இருக்கும் நீரை மேலே இழுப்பது இலை. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகப் போகத்தான் வேர் அடுத்த வாயை உறிஞ்சும். இலையே இல்லாத மரம் எப்படிக் குடிக்கும்? ஊற்றியதெல்லாம் வேரைச் சுற்றித் தேங்கி, வேருக்கு வேண்டிய காற்றை அடைத்துவிட்டது.

கிளை நுனியை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். பழுப்பு. வளைத்தால் சுள்ளிபோல் ஒடிந்தது. இன்னும் கீழே சுரண்டினேன், அதுவும் பழுப்பு. தண்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது இடத்தில்தான் ஈரப் பச்சை தெரிந்தது, கூடவே பொட்டாகப் பாலும் கசிந்தது. சரி, இன்னும் உயிர் இருக்கிறது.

மரத்தை மறுபடி பிடுங்கினேன். ஒருமுறை மாற்றிய மரத்தைச் சீக்கிரமே மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது என்பார்கள். அது சரியான பேச்சு, ஆனால் மண்ணிலிருந்து சாக்கடை வாடை வந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. எனக்கு வந்தது. கறுத்த வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் வழுக்கிக் கழன்று, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. அப்படிக் கழன்றதையெல்லாம் வெட்டினேன். வெளுப்பாக, கடினமாக இருந்ததில் கை வைக்கவில்லை. கடைசியில் ஒரு கைப்பிடி சல்லிவேர்கூடத் தேறவில்லை.

இந்த முறை மண்ணே இல்லை. பியூமிஸ் என்னும் நுரைக்கல், பொரிபோல் லேசான பெர்லைட் துகள், கொஞ்சம் தென்னை நார்த்துண்டு. 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்குள் சலித்து, தூசியைக் கொட்டிவிட்டுக் கலந்தேன். தட்டின் துளை வழியாகக் கம்பி விட்டு மரத்தை ஆடாமல் கட்டினேன். ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி வடியவிட்டு, நிறமில்லாத பெரிய பாலிதீன் பையால் மூடி, நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். தினமும் பையைப் பத்து நிமிடம் திறந்து காற்றாட விடுவது மட்டும்தான் வேலை. உரம் கிடையாது. தண்ணீர்? ஒரு மூங்கில் குச்சியை அந்தக் கலவையில் செருகி வைத்தேன். உருவிப் பார்த்தால் குச்சி காய்ந்து வெளுத்திருக்கும் நாளில் மட்டும். முதல் மாதத்தில் மூன்று தடவை ஊற்றியிருப்பேன்.

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது.

ஏழாவது வாரம், தண்டில் பழைய இலை இருந்த தழும்புக்கு மேலே கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. முதலில் பாசி என்று நினைத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி மொட்டையான மரம் திரும்பி வந்திருக்கிறதா? எப்படி வந்தது, அல்லது ஏன் வரவில்லை, எழுதுங்கள்.

*

உங்கள் கதைக்கு நேர் எதிர் என் கதை. என்னுடையது சீன எல்ம். அதுவும் தொட்டி மாற்றிய பத்து நாளில் மொட்டை. ஆனால் காரணம் வறட்சி, அதுவும் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தும்.

வாங்கும்போது மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை உடைத்து எடுத்துவிட்டேன். வேர்ப்பந்தை மட்டும் கலைக்காமல் அப்படியே புதுத் தொட்டியில் வைத்து, சுற்றிலும் நன்றாகச் சலித்த மண்கலவை போட்டேன். நடுவில் இருந்தது களிமண் உருண்டை. களிமண்ணும், பீட் என்னும் மக்கிய பாசி மண்ணும் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சட்டென்று நீரை ஏற்காது. நான் ஊற்றிய தண்ணீர் சுற்றியிருந்த கலவை வழியாக ஓடி, அடித்துளையில் ஜம்மென்று வடிந்தது. நல்ல வடிகால் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். வேர் உள்ளே தாகத்தில் கிடந்திருக்கிறது.

தொட்டியைத் தூக்கினேன், காலித் தொட்டி மாதிரி கனமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. வாளியில் தண்ணீர் வைத்து, தொட்டியை விளிம்பு வரை அமிழ்த்தினேன். கிட்டத்தட்ட கால் மணிநேரம் குமிழ் வந்துகொண்டே இருந்தது. நின்றதும் எடுத்து வடியவிட்டேன். பிறகு குச்சியால் அந்த உருண்டையின் பக்கங்களில் மட்டும் மெல்ல நாலைந்து துளை. ஐந்தாவது வாரம் கிளை முழுக்கத் துளிர். எல்ம் கொஞ்சம் இரக்கமுள்ள மரம், இடம் மாறினாலே இலை கொட்டும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் தழைக்கும்.

அதனால் இலை கொட்டினால் தண்ணீரைக் குறை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. முதலில் குச்சியை நடுவேர் வரை செருகிப் பாருங்கள், ஓரத்தில் வேண்டாம்.

*

வடிகால் பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் இரண்டு மரம் இழந்திருக்கிறேன். தட்டின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நம்பிச் செய்தேன். வடியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறியது. மண்ணும் அப்படியே. அடியில் ஒரு பட்டை அளவு ஈரம் தேங்கியே இருக்கும். அந்தப் பட்டையின் உயரம் துகளின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது இல்லை. ஆழமான தொட்டியில் வேர் அதற்கு மேலே பிழைத்துக்கொள்ளும். நாலு விரற்கடை ஆழமுள்ள பொன்சாய்த் தட்டில் வேர் முழுக்க அதற்குள் கிடக்கும். கூழாங்கல் போட்டால் அந்த ஈரப் பட்டை இன்னும் மேலே ஏறி வேரை நெருங்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் துகள் பொடியான தோட்டத்து மண் தட்டில் ஆகாது. அதே மண் தரையில் அருமையாக வேலை செய்யும்.

இன்னொன்று, மொட்டையான மரத்தை நான் தட்டில் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பதே இல்லை. அழகெல்லாம் அப்புறம். ஆழமான சாதாரணத் தொட்டியில் மாற்றி ஒரு வருடம் விட்டுவிடுவேன்.

*

எனக்குக் கார்மோனா. சின்ன வெள்ளைப் பூ பூக்கும், தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும். மண், நீர், வெளிச்சம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் துளிர் வரும், அரை அங்குலம் வளரும், கருகும். மூன்று தடவை இப்படி.

துடைக்கும்போது தற்செயலாகத் தண்டில் கை பட்டது, மரம் ஆடியது. நடும்போது கம்பி கட்டவில்லை. மண்தான் பிடித்துக்கொள்ளுமே என்று விட்டுவிட்டேன். புதுச் சல்லிவேர் முடியைவிட மெல்லியது. மரம் ஒருமுறை அசைந்தால் அது உள்ளே அறுந்துபோகும். தினமும் தூசு தட்டுகிறேன், திருப்பி வைக்கிறேன் என்று நானே அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நைலான் கயிற்றைத் தட்டோடு சேர்த்து வேரடியில் கட்டினேன், பட்டையில் பதியாமல் இருக்க நடுவில் ரப்பர் துண்டு. நான்காவது துளிர் கருகவில்லை.

*

என் கதையில் மரம் பிழைக்கவில்லை. அதுவும் இங்கே இருக்கட்டும்.

ஜூனிபர், ஊசியிலை மரம். வீட்டுக்குள் வைக்கும் பொன்சாய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தொட்டி மாற்றி இரண்டு மாதம் இலை ஒன்றுகூட உதிரவில்லை, நிறமும் மாறவில்லை. தெம்பாக இருக்கிறது என்று நினைத்தேன். தொட்டால் மட்டும் கொஞ்சம் மொரமொரவென்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நான் தண்ணீர் ஊற்றியது பிணத்துக்கு.

ஹிரோஷிமாவில் 1945இல் அணுகுண்டைத் தாண்டி நின்ற வெண்பைன் பொன்சாய் ஒன்று உண்டு. 1625 முதல் வளர்க்கப்பட்டது, 1976இல் அமெரிக்காவுக்குக் கொடையாகப் போய் இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. பொன்சாய் எதையும் தாங்கும் என்பதற்கு இதைத்தான் எனக்கு உதாரணம் காட்டினார்கள். தாங்கும், ஆனால் அது வெளியே வளர்ந்த மரம். பைனுக்கும் ஜூனிபருக்கும் குளிர்கால உறக்கம் வேண்டும், திறந்தவெளி வெயில் வேண்டும். தொட்டி மாற்றத்தை நான் சரியாகத்தான் செய்தேன், வைத்த இடம்தான் தப்பு. அறைக்குள் வைப்பதென்றால் ஃபைகஸ், ஜேட் மாதிரி வெப்பநாட்டு மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான், மறுபடி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்தேன். கம்பி கட்டியது என் அதிர்ஷ்டம், யோசித்துச் செய்ததில்லை. களிமண் உருண்டைக் கதையைப் படித்துவிட்டு என் இன்னொரு செடியைத் தூக்கிப் பார்த்தேன், கனம் இல்லை. வாளியில் இறக்கியிருக்கிறேன், குமிழ் வந்துகொண்டிருக்கிறது.

பையை ஒரேயடியாக எடுத்தபோது முதல் இரண்டு துளிரும் மதியத்துக்குள் துவண்டுவிட்டன. திரும்ப மூடி, முதல் வாரம் பையில் ஓட்டை போட்டேன், அடுத்த வாரம் ஓட்டையைப் பெரிதாக்கினேன், மூன்றாம் வாரம்தான் கழற்றினேன். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு துளிர் மிஞ்சியிருக்கும். ஜன்னலையும் மாற்றினேன். கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிந்த இடம் மரத்துக்கு இருட்டாம். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது; நம் கண் அதை ஈடுகட்டிக்கொள்வதால் தெரிவதில்லை.

புது இலைகள் பழையதைவிடப் பெரிதாக, ஒழுங்கில்லாமல் வருகின்றன. வடிவம் போய்விட்டது. ஒரு பக்கக் கிளை மூன்றும் செத்துவிட்டதால் மரம் வகிடு எடுத்துச் சீவியதுபோல் ஒரு பக்கமாக நிற்கிறது. கத்தரியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், இந்த வருடம் திறப்பதாக இல்லை. நேற்று வரை உரமும் போடவில்லை. இன்று காலை எண்ணினேன், பதினேழு இலை. பதினெட்டாவது இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது, நுனி மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது.